கட்டம் போட்ட நோட்டில் கணினி முன்னோடிகள்: அவர்கள் செய்ததைக் கையால் செய்து கற்கும் முறை

கணினித் துறையின் முன்னோடிகளைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்காகவோ வினாடி வினாவுக்காகவோ படிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை பிறந்த ஆண்டும், இறந்த ஆண்டும், "இதன் தந்தை", "அதன் தாய்" என்ற பட்டமும்தான். அந்தப் பட்டங்களை எத்தனை முறை ஒப்பித்தாலும், சார்லஸ் பாபேஜ் எதற்காகப் பற்சக்கரங்களைத் தேடிப் போனார் என்பதோ, ரிச்சர்டு ஹேமிங்குக்கு எதன் மேல் எரிச்சல் வந்தது என்பதோ விளங்காது. அவர்களை வாட்டிய வேலையை ஒரு மணி நேரமாவது நாமே செய்து பார்த்தால், அவர்கள் கண்டுபிடித்தது ஏன் பெரிது என்பது தானாகவே பிடிபடும். அப்படிச் செய்து பார்ப்பதற்கான வழிகளே இங்குத் தரப்பட்டுள்ளன. ஒன்பதாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர் எவரும் தனியாகவோ, ஆசிரியர் ஒருவர் மாணவர்களை வைத்துக்கொண்டோ இவற்றைச் செய்யலாம். கணினி எதற்கும் தேவைப்படாது.

ஒரு கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர், ஏழெட்டு நாணயங்கள், அரை மீட்டர் மெல்லிய மின்கம்பி ஆகியவை போதும். கால்குலேட்டரைத் தொடாமலிருப்பது நல்லது. தொட்டால் முதல் பயிற்சியின் பயனே போய்விடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் எடுத்த நேரத்தையும், எத்தனை இடத்தில் தவறினீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். தவறுகளின் எண்ணிக்கை இங்கே விடையைப் போலவே முக்கியமானது.

பாபேஜின் கூட்டல்

1791இல் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் பாபேஜின் காலத்தில் கப்பலோட்டிகள், வானியலாளர்கள், காப்பீட்டுக் கணக்கர்கள் அனைவரும் அச்சிட்ட எண் அட்டவணைகளை நம்பியே பிழைத்தார்கள். அந்த அட்டவணைகளை மனிதர்கள் கையால் கணக்கிட்டார்கள். வேறு மனிதர்கள் படியெடுத்தார்கள். இன்னும் சிலர் அச்சுக் கோத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிழை புகுந்தது. 1821இல் தம் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அமர்ந்து வானியல் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்தடுத்து வந்த பிழைகளால் வெறுத்துப்போய், இந்த வேலையை நீராவி செய்யக் கூடாதா என்று பாபேஜ் அங்கலாய்த்தார். வேறுபாட்டுப் பொறி அந்த அங்கலாய்ப்பிலிருந்து பிறந்தது.

1822இல் அவர் தம் சிறு மாதிரிப் பொறியை இயக்கிக் காட்டியபோது பயன்படுத்திய கணக்கையே நாமும் எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதனுடன் அந்த எண்ணையும் 41ஐயும் கூட்ட வேண்டும். 0க்கு 41, 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53, 4க்கு 61 என்று விடைகள் வரும். நோட்டில் இவற்றை ஒரு நெடுவரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அடுத்த நெடுவரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை எழுதுங்கள்: 2, 4, 6, 8. மூன்றாவது நெடுவரிசையில் அந்த வேறுபாடுகளின் வேறுபாடு: 2, 2, 2. மூன்றாவது வரிசை மாறவே மாறாது.

இனிப் பெருக்கலை மறந்துவிடுங்கள். மூன்றாம் வரிசையின் 2ஐ இரண்டாம் வரிசையின் கடைசி எண்ணோடு கூட்டினால் 10 வரும். அந்த 10ஐ முதல் வரிசையின் 61உடன் கூட்டினால் 71. மறுபடியும் 2ஐக் கூட்டினால் 12. 71உடன் 12 சேர்ந்தால் 83. இப்படியே 40 வரை போங்கள். 72 கூட்டல்கள் ஆகும். 40க்கு வரவேண்டிய விடை 1681. அதை மட்டும் நேரடியாகவும் கணக்கிடலாம்: 1600, 40, 41 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. உங்கள் கடைசி எண் இதனோடு பொருந்தினால் இடையிலுள்ள அனைத்தையும் நம்பலாம். ஒவ்வோர் எண்ணும் முந்தையதன் மேல் ஏறி நிற்பதால், நடுவில் விழுந்த பிழை கடைசிவரை கூடவே வந்திருக்கும். (0 முதல் 39 வரை இந்தக் கணக்கு பகா எண்களையே தருவதும், 40இல் 41இன் வர்க்கம் வந்து அந்த மாலை அறுவதும் தனிச்சுவை.)

பெருக்கலைச் செய்யும் பற்சக்கர அமைப்பு சிக்கலானது. கூட்டலைச் செய்வது எளிது. அட்டவணை முழுவதையும் கூட்டலாக மாற்றிவிடும் இந்தக் கணித முறை பாபேஜுக்கு முன்பே இருந்தது. அதை உலோகத்துக்குக் கொண்டுபோனதும், விடையை மனிதக் கை படாமல் பொறியே அச்சுத் தகட்டில் பதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவருடையவை. படியெடுப்பவரையும் அச்சுக் கோப்பவரையும் சேர்த்தே நீக்கினால்தான் பிழை ஒழியும் என்று அவர் கண்டிருந்தார்.

அடுத்ததாக ஒரு பிழையை வேண்டுமென்றே நட்டுப் பாருங்கள். முதல் வரிசையில் 53 இருக்கவேண்டிய இடத்தில் 54 என்று எழுதி, வேறுபாடுகளைப் புதிதாகக் கணக்கிடுங்கள். இரண்டாம் வரிசை 2, 4, 7, 7, 10 என்றாகும். மூன்றாம் வரிசை 2, 3, 0, 3 என்று வரும். எல்லாம் 2ஆக இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடி, இரண்டு குறைந்து, மறுபடி ஒன்று கூடியிருக்கிறது. ஓர் அட்டவணையில் எண்ணொன்று தவறாக அச்சாகியிருந்தால் வேறுபாட்டு வரிசையில் இந்தத் தடம் விழுந்துவிடும். நண்பர் ஒருவரை ரகசியமாக ஓர் எண்ணை மாற்றச் சொல்லி, அது எது என்று கண்டுபிடிப்பது மாணவர்களுக்குப் பிடித்தமான விளையாட்டாக அமையும்.

பாபேஜ் தம் வேறுபாட்டுப் பொறியை முடிக்கவேயில்லை. ஏன் என்ற கேள்விக்கும் நோட்டிலேயே பாதி விடை இருக்கிறது. 999உடன் 1ஐக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் ஒன்று ஓரிலக்கத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாவிக்கொண்டே போகிறது. கைக்கு இது நொடிப்பொழுது வேலை. முப்பது இலக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உலோகச் சக்கரங்களுக்கு இது பெரும் சுமை; எல்லாம் ஒரே கணத்தில் தள்ளப்பட்டால் பொறி இறுகிவிடும். மீதிக் காரணம் பணமும் மனிதர்களும். பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவிட்டது. கைவினைஞர் ஜோசப் கிளமெண்டுடன் பிணக்கு ஏற்பட்டு 1833இல் வேலை நின்றது. 1842இல் அரசு கையை விரித்தது. 1840களின் இறுதியில் பாபேஜ் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அவருடைய வரைபடங்களைக் கொண்டே 1991இல் கட்டி முடித்தார்கள். அது சரியாகக் கணக்கிட்டது. அச்சுப் பகுதியையும் சேர்த்தால் அதில் 8,000 பாகங்கள், 5 டன் எடை.

ஏடாவின் அட்டவணையில் நான்காம் வரி

1840இல் பாபேஜ் இத்தாலியின் தூரின் நகரில் தம் அடுத்த கனவான, கொடுக்கும் கட்டளைகளுக்கு ஏற்பப் பல வகைக் கணக்குகளையும் செய்யக்கூடிய பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட பொறியாளர் லூயிஜி மெனபிரியா பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். பாபேஜின் நண்பரும் கணிதம் கற்றவருமான ஏடா லவ்லேஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமான ஏழு குறிப்புகளைத் தாமே சேர்த்து 1843இல் வெளியிட்டார். ஏழாவது குறிப்பில் பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையைக் கணக்கிடும் 25 படிகள் கொண்ட அட்டவணை உள்ளது.

அந்த 25 படிகளையும் செய்யத் தேவையில்லை. முதல் ஆறு போதும். நோட்டில் சில கட்டங்களை வரைந்து 1, 2, 3 என்று எண்ணிட்டுக்கொள்ளுங்கள். இவை பொறியின் எண்களைத் தாங்கும் தூண்கள். முதல் தூணில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4 எழுதுங்கள். பதின்மூன்றாம் தூண் 0. முதல் படி: இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி, விடையான 8ஐ 4, 5, 6 ஆகிய தூண்களில் இடுக. இரண்டாம் படி: நான்காவதிலிருந்து முதல் தூணைக் கழித்து நான்காவதிலேயே இடுக, 7 வரும். மூன்றாம் படி: ஐந்தாவதுடன் முதல் தூணைக் கூட்டி ஐந்தாவதிலேயே இடுக, 9 வரும். நான்காம் படி, அச்சிட்டபடி செய்தால், ஐந்தாவதை நான்காவதால் வகுத்துப் பதினோராம் தூணில் இட வேண்டும். அப்படிச் செய்தால் ஏழில் ஒன்பது வருகிறது. ஆனால் அதே வரியின் விடைப் பகுதியில் உள்ள சூத்திரமோ ஒன்பதில் ஏழு வர வேண்டும் என்கிறது. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன.

அதைத் திருத்திக்கொண்டு தொடருங்கள். ஐந்தாம் படியில் பதினோராவதை இரண்டாவதால் வகுத்தால் பதினெட்டில் ஏழு. ஆறாம் படியில் பதின்மூன்றாம் தூணிலிருந்து அதைக் கழித்தால் எதிர்க்குறியோடு அதே எண் வந்து நிற்கும். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த ஆறு வரிகளிலேயே தங்கள் அன்றாடத் தொழில் தெரியும்: ஒரு பெயருக்குள் பழைய மதிப்பை அழித்துப் புதியதை வைப்பது, ஒரு விடையைப் பின்னர் வேண்டியிருக்கும் என்று ஒதுக்கி வைப்பது, ஒரு வரியில் இரண்டு பெயர்கள் இடம் மாறிப்போவது. பின்பகுதியில் 13 முதல் 23 வரையிலான படிகள் திரும்பத் திரும்பச் செய்யப்பட வேண்டியவை என்று ஏடா குறித்திருப்பதையும் பாருங்கள். இன்று அதை லூப் என்கிறோம்.

ஏடாவை "முதல் நிரலாளர்" என்று எழுதுவதில் சற்று நிதானம் வேண்டும். பாபேஜும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம் பொறிக்கான படிவரிசைகளை எழுதி வைத்திருந்தார். ஏடாவின் தனிப் பங்காக நான் கருதுவது வேறு: எண்களுக்குள் மட்டும் இந்தப் பொறி அடங்காது, இசையின் சுரங்களுக்கு இடையிலான உறவுகளை உரிய குறிகளில் எழுத முடிந்தால் அது இசையையும் இயற்றக்கூடும் என்று அவர் எழுதியது. பொறியோ கட்டப்படவேயில்லை.

"முதல்" என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. உங்கள் குறிப்பேட்டில் "முதல் கணினி" என்று எழுத நேர்ந்தால், எந்த வகையில் முதல் என்ற அடைமொழியைச் சேர்க்காமல் எழுதாதீர்கள். கொன்ராடு சூசே 1941இல் பெர்லினில் இயக்கிய இசட்3, ரிலேக்களால் (மின்காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால்) ஆன, நிரலால் இயங்கிய பொறி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியக் குறியுடைப்பு மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ், மின்னணுவில் இயங்கியது. ஆனால் 1970கள் வரை அது ரகசியம். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் பல வகைக் கணக்குகளுக்கும் மாற்றி அமைக்கக்கூடிய மின்னணுப் பொறி. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து இயக்கியது 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சிறு சோதனைப் பொறி. நான்கையும் ஒரே சொல்லில் அடக்கினால் நான்குமே பொய்யாகிவிடும்.

டூரிங்கின் கட்டங்கள்

ஆங்கிலேயக் கணிதவியலாளர் அலன் டூரிங் 23 வயதில் எழுதி 1936இல் ஒப்படைத்த ஆய்வுக் கட்டுரையில், கணக்கிடும் மனிதர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் உண்மையில் என்னதான் செய்கிறார் என்று உரித்துப் பார்க்கிறார். சிறுவர்களின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட தாள் என்றே அவரும் எழுதுகிறார். ஆகவே நம் நோட்டு இங்கே மிகப் பொருத்தம். தமிழ்நாட்டோடு அவருக்கு ஓர் உறவும் உண்டு: அவருடைய தாய் எதல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில், தாய்வழிப் பாட்டனார் மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர்.

ஒரு வரிசைக் கட்டங்களில் 1, 0, 1, 1 என்று எழுதி, வலக்கோடிக் கட்டத்தின் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். விதிகள் இரண்டே. நாணயத்தின் கீழ் 1 இருந்தால் அதை 0 ஆக்கி, ஒரு கட்டம் இடப்புறம் நகர்க. 0 இருந்தாலோ வெற்றுக் கட்டமாக இருந்தாலோ 1 எழுதி நிற்க. சில நொடிகளில் 1, 1, 0, 0 என்று வரும். 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களால் எழுதும் இரும முறையில் 1011 என்பது 11, 1100 என்பது 12; 11 இருந்தது, 12 ஆகிவிட்டது. நாணயத்தை நகர்த்துபவருக்குக் கூட்டல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் செய்வதானால், விதியைப் படிப்பவர் ஒருவர், கட்டத்தைப் பார்த்துச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று பிரித்துவிட்டு, முழு எண்ணையும் எவரும் பார்க்காதபடி ஒரு தாளால் மறைத்து வையுங்கள்.

பின்னர் ஒன்றைக் கழிக்கும் விதிகளை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 0 இருந்தால் 1 எழுதி இடப்புறம் நகர்க, 1 இருந்தால் 0 எழுதி நிற்க என்று விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். 1100 மீண்டும் 1011 ஆகும். அப்போது, வெற்றுக் கட்டத்தை 0 என்றே கொள்ளுமாறு சொல்லி, 000 என்ற எண்ணைக் கொடுங்கள். நாணயம் 1களை எழுதிக்கொண்டே இடப்புறம் போய்க்கொண்டிருக்கும்; நோட்டின் ஓரம் வந்தாலும் நிற்காது. இந்த இரண்டு விதிகளைப் பார்த்தே அது நிற்காது என்று நம்மால் சொல்லிவிட முடிகிறது. எந்தப் பொறிக்கும், எந்த விதித் தொகுப்புக்கும் இவ்வாறு முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய பொதுமுறை ஒன்று இருக்கவே முடியாது என்பதற்கு வழிவகுத்த நிரூபணம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே அதனால் எது முடியாது என்பது தெரிந்துவிட்டது.

மாடிப்படி விளக்கு

இது ஐந்து நிமிட வேலை. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று இரண்டு இடத்திலிருந்தும் இயங்கும் மாடிப்படி விளக்குக்கு முன்னால் நின்று, நான்கு நிலைகளையும் குறியுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தால் எரியும் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் இணைத்த விதத்தைப் பொறுத்து நேர்மாறாகவும் இருக்கலாம்). 0, 0 என்றால் 0. 0, 1 என்றால் 1. 1, 0 என்றால் 1. 1, 1 என்றால் 0. இரண்டு இரும இலக்கங்களைக் கூட்டும்போது ஒன்றாம் இடத்தில் வரும் இலக்கமும் இதுவே. அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் பூல் 1854இல் தருக்கத்துக்கென்று ஓர் இயற்கணிதம் வகுத்தார். 1937இல், 21 வயது முதுநிலை மாணவராக இருந்த கிளாட் ஷானன், ரிலே சுற்றுகளும் அந்த இயற்கணிதமும் ஒன்றே என்று தம் ஆய்வேட்டில் காட்டினார். அதுவரை அனுபவத்தால் சுற்று வரைந்தவர்கள், அதன்பின் சமன்பாடு எழுதிச் சுருக்கி வரைய முடிந்தது.

தகதிமி தகஜுணு

ஒரு செய்தியை எத்தனை குறைவான குறிகளில் எழுதிவிட முடியும் என்று அளக்கும், 1948இல் ஷானன் எழுதிய தகவல் கோட்பாட்டை எடுத்துச் சொல்லக் கொன்னக்கோல் சொற்கட்டை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. "தகதிமி தகஜுணு" என்பதில் எட்டு எழுத்துகள். த இரண்டு, க இரண்டு, தி, மி, ஜு, ணு தலா ஒன்று. (யூனிகோடில் "தி" இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படும், இங்கு நாம் வாயால் சொல்லும்படியே எண்ணுவோம்.) இவற்றை 0, 1 ஆகியவற்றால் மட்டும் எழுத வேண்டும். ஆறு வேறு எழுத்துகள் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் என்றால் ஓரெழுத்துக்கு 3 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கமே ஒரு பிட்); மொத்தம் 24.

இதைக் குறைக்க, ஒவ்வோர் எழுத்தையும் அதன் எண்ணிக்கையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பரப்புங்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையுள்ள இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, கூட்டுத்தொகையை மேலே எழுதி, மறுபடியும் கூட்டத்தில் போடுங்கள். தியும் மியும் சேர்ந்து 2. ஜுவும் ணுவும் சேர்ந்து 2. இப்போது நான்கு துண்டுகளும் இரண்டிரண்டாக நிற்கின்றன. த, க இரண்டையும் சேர்த்தால் 4, மற்ற இரண்டு கட்டுகளையும் சேர்த்தால் 4, கடைசியில் 8. உச்சியிலிருந்து இறங்கும்போது இடப்பக்கத்துக்கு 0, வலப்பக்கத்துக்கு 1 என்று குறித்துக்கொண்டே வந்தால், த 00, க 01, தி 100, மி 101, ஜு 110, ணு 111 என்று கிடைக்கும். முழுச் சொற்கட்டும் 00011001010001110111 என்று 20 பிட்டில் அடங்குகிறது. இடைவெளி எதுவும் இல்லாவிட்டாலும் இடமிருந்து வலமாகப் படித்து எழுத்துகளை மீட்டுவிட முடியும். ஒன்றின் குறி மற்றொன்றின் குறிக்குத் தொடக்கமாக அமையவில்லை என்பதே காரணம். உடனிருப்பவரிடம் அந்த எண்ணை மட்டும் கொடுத்து, பட்டியலைப் பார்த்துச் சொல்லவைத்துச் சோதியுங்கள்.

இதற்கும் கீழே போக முடியுமா என்பதற்கு ஷானன் விடை சொல்கிறார். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு வரும் எழுத்து 2 பிட் அளவுக்கும், எட்டில் ஒரு பங்கு வரும் எழுத்து 3 பிட் அளவுக்கும் செய்தியைச் சுமக்கிறது. கூட்டிப் பாருங்கள்: த, க நான்கு முறை, தலா 2, மற்றவை நான்கு முறை, தலா 3, மொத்தம் 20. எல்லையை நாம் தொட்டுவிட்டோம். பங்குகள் பாதி, கால், அரைக்கால் என்று அமைந்த பாக்கியம் இது. உங்கள் ஊர்ப் பெயரையோ ஒரு பழமொழியையோ எடுத்துச் செய்தால் எல்லைக்குச் சற்று மேலே நிற்பீர்கள்.

துண்டுகளை அடியிலிருந்து சேர்க்கும் இந்த முறை டேவிட் ஹஃப்மனுடையது. 1951இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபேனோவின் வகுப்பில், இறுதித் தேர்வுக்குப் பதிலாக இந்தச் சிக்கலைத் தீர்த்துக் கட்டுரை எழுதலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஃபேனோவும் ஷானனும் மேலிருந்து கீழாகப் பிரித்துப் பார்த்து, எப்போதும் மிகச் சிறந்த விடை தரும் வழியைக் காணாமல் இருந்தார்கள். மாணவர் பல மாதம் முயன்று, கைவிட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்ற நிலைக்கு வந்தபோது, கீழிருந்து மேலாகக் கட்டும் எண்ணம் தோன்றியது. 1952இல் வெளியான அந்த முறை இன்றும் ஜேபெக் படங்களுக்குள்ளும் ஜிப் கோப்புகளுக்குள்ளும் இருக்கிறது.

ஹேமிங்கின் ஏழு இடங்கள்

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன கணினியில் கணிதவியலாளர் ஹேமிங்குக்கு வார இறுதிகளில்தான் இடம் கிடைத்தது. பணி நாள்களில் பொறி தன் பிழையைக் கண்டால் நின்றுவிடும், அங்கிருப்பவர் சரிசெய்வார். வார இறுதியில் ஆள் இல்லாததால், அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தம் கணக்குகள் பாதியில் கிடக்கும். இருமுறை இப்படி ஆன எரிச்சலில் அவர் கேட்ட கேள்வி: பிழை நேர்ந்தது என்று பொறிக்குத் தெரிகிறதென்றால், எந்த இடத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடித்து அதுவே திருத்திக்கொள்ளக் கூடாதா?

ஏழு கட்டங்களை வரைந்து 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். 3, 5, 6, 7 ஆகியவை செய்திக்கு. 1, 2, 4 ஆகியவை காவலுக்கு. 1011 என்ற செய்தியை அனுப்புவதாகக் கொண்டால், மூன்றில் 1, ஐந்தில் 0, ஆறில் 1, ஏழில் 1 எழுதுங்கள். முதலாம் காவல் 1, 3, 5, 7 ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்ளும். அவற்றிலுள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மூன்றிலும் ஏழிலுமாக ஏற்கெனவே இரண்டு இருப்பதால், முதலாம் கட்டத்தில் 0. இரண்டாம் காவலின் இடங்கள் 2, 3, 6, 7. அங்கே மூன்று 1கள் இருப்பதால் இரண்டாம் கட்டத்தில் 1. நான்காம் காவலின் இடங்கள் 4, 5, 6, 7; அங்கே இரண்டு இருப்பதால் நான்காம் கட்டத்தில் 0. முழு வரிசை 0110011.

இந்த இடங்களை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 6 என்பது 4ம் 2ம். ஆகவே ஆறாம் கட்டத்தை நான்காம் காவலும் இரண்டாம் காவலும் பார்க்கின்றன. 5 என்பது 4ம் 1ம். 7ஐ மூன்று காவல்களும் பார்க்கின்றன. எந்த இரண்டு கட்டங்களுக்கும் ஒரே காவல் கூட்டணி அமைவதில்லை.

நண்பரிடம் வரிசையைக் கொடுத்து, ஏதேனும் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றித் திருப்பித் தரச் சொல்லுங்கள். நாணயங்களை வைத்துச் செய்தால், தலையைப் பூவாகத் திருப்புவதோடு முடிந்துவிடும். ஆறாம் கட்டத்தை மாற்றி 0110001 என்று தந்தார் என்று கொள்வோம். முதலாம் காவலின் இடங்களில் இரண்டு 1கள், குறையில்லை. இரண்டாம் காவலின் இடங்களில் மூன்று, குறை. நான்காம் காவலின் இடங்களில் ஒன்று, குறை. குறை சொன்ன காவல்களின் எண்களைக் கூட்டினால் 2ம் 4ம் சேர்ந்து 6. பிழையான இடம் அதுவே. காவல் கட்டத்தையே மாற்றியிருந்தாலும் இந்தக் கூட்டல் தவறாது; செய்து பாருங்கள்.

மூன்று காவல்கள் குறை உண்டு, இல்லை என்று சொல்லும் விதங்கள் மொத்தம் எட்டு. பிழை நேரக்கூடிய இடங்கள் ஏழு. பிழையே நேராத நிலை ஒன்று. ஒன்றுகூட வீணாகவில்லை. நான்கு காவல்கள் வைத்தால் 15 இடங்களும், ஐந்து வைத்தால் 31 இடங்களும் காக்கப்படும். வரிசை நீள நீளக் காவல் செலவு விகிதத்தில் குறைகிறது.

இதன் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். மூன்றாம் கட்டம், ஆறாம் கட்டம் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்: 0100001. முதலாம் காவல் குறை சொல்லும், இரண்டாவது சொல்லாது, நான்காவது சொல்லும்; கூட்டினால் 5. நல்ல நிலையிலிருந்த ஐந்தாம் கட்டத்தை நாம் போய்த் திருத்தி, இரண்டு பிழைகளை மூன்றாக்கிவிடுவோம். இதைத் தடுக்க, முழு வரிசைக்கும் இரட்டைப்படை பார்க்கும் எட்டாவது கட்டம் ஒன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு பிழைகள் நேர்ந்தால் திருத்த முடியாவிட்டாலும், நேர்ந்தது என்றாவது தெரிந்துவிடும். சர்வர் கணினிகளில் விலை அதிகம் கொடுத்து வாங்கும் ஈசிசி (பிழை திருத்தும்) நினைவகத்தில் இந்த ஏற்பாடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஹேமிங் தம் கட்டுரையை 1950இல் வெளியிட்டார்; 1968இல் டூரிங் விருது பெற்றார்.

ஹாப்பரின் கம்பி

மின்கம்பியை எடுத்து, சரியாக 30 செ.மீ. அளந்து வெட்டுங்கள். ஒளி வெற்றிடத்தில் ஒரு நானோ நொடியில், அதாவது நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு நேரத்தில், செல்லும் தூரம் ஏறத்தாழ இதுவே. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணிதவியலாளர் கிரேஸ் ஹாப்பர், கேட்கவந்தவர்களுக்கெல்லாம் இந்த அளவில் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார்; செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கும் தளபதிகளுக்கு, இங்கிருந்து அங்கே இத்தனை கம்பிகள் போட வேண்டியிருக்கிறது என்று காட்டுவதற்காக. 1952இல் ஏ-0 என்ற தொகுப்பியை (மனிதர் எழுதும் நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றும் நிரலை) இயக்கியவரும், கோபால் (COBOL) என்ற நிரல் மொழிக்கு அடித்தளமான ஃப்ளோமேட்டிக் மொழியை உருவாக்கியவரும் அவரே. ஹார்வர்டின் மார்க் 2 பொறியில் 1947 செப்டம்பர் 9 அன்று சிக்கிய விட்டில் பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதை அவர் பெயரோடு பரவியிருக்கிறது. அந்தப் பூச்சி உண்மை, ஆனால் கருவிக் கோளாறை ஆங்கிலத்தில் "பக்" (பூச்சி) என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு.

வெட்டிய கம்பியை உங்கள் கைப்பேசியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நொடிக்கு 300 கோடித் துடிப்பில் ஓடும் செயலியில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளியே இந்தக் கம்பியில் மூன்றில் ஒரு பங்கு, 10 செ.மீ., தான் போயிருக்கும். சில்லுக்குள் ஓடும் மின்குறி அதைவிடவும் மெதுவானது. நினைவகத்தைச் செயலிக்கு மிக அருகில் வைக்க ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று மாணவர் கேட்டால், 10 செ.மீ.இல் ஒரு மடிப்பு மடித்த அதே கம்பியைக் கையில் கொடுங்கள். மைக்ரோ நொடிக்கு ஹாப்பர் 300 மீட்டர் நீளமுள்ள கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். அதை வாங்க வேண்டியதில்லை, பள்ளி மைதானத்தின் 400 மீட்டர் ஓட்டத் தடத்தில் முக்கால் சுற்று நடந்தால் போதும்.